திருப்பூர்ப் பிள்ளைகள் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்?

திருப்பூரில் வளரும் பிள்ளைகளின் மனநலத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் இங்கே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. எதை முதலில் செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர்களைக் கூட்டச் சொல்கிறார் ஒருவர். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு வகுப்பு வைத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். இளைஞர்களுக்குத் தனி மையம் கட்டலாம், மைதானம் போடலாம், உதவி எண்ணை எல்லா இடத்திலும் ஒட்டலாம் என்று யோசனைகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாமே நல்ல காரியங்கள்தான். ஆனால் மாநகராட்சியோ, ஏற்றுமதியாளர்களோ, நன்கொடை தரும் சங்கங்களோ ஓர் ஆண்டில் ஒதுக்கக்கூடிய பணத்துக்கு அளவு உண்டு. ஒன்றில் கை வைத்தால் இன்னொன்று தள்ளிப்போகும். அதனால் இந்த வழிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். திருப்பூர் 2008-ல் மாநகராட்சி ஆனது. 2009-ல் மாவட்டத் தலைநகர் ஆனது. 2011-ல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் சேர்ந்து 60 வார்டுகள் கொண்ட பெரிய நகரமாகிவிட்டது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. இந்த வளர்ச்சி முழுக்க ஆட்களால் ஆனது. தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் ஒருபுறம். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து தனியாக வந்த இளைஞர்கள் இன்னொருபுறம். ஆக, இந்த ஊரில் ‘இளைஞர்’ என்று பேசும்போது குறைந்தது இரண்டு கூட்டத்தை மனதில் வைக்க வேண்டும். ஒன்று, அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகும் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகள். இரண்டாவது, பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்குள் தாங்களே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். இருவரின் நேரமும் வேறு, தேவையும் வேறு. கல்லூரி மாணவர்களையும் மறக்கக் கூடாது. ஆனால் அவர்களுக்கு ஒரு வளாகமாவது இருக்கிறது.

ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்று திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே. அவசர ஷிப்மென்ட் இருந்தால் அதற்கும் மேல். அந்த வீட்டுப் பிள்ளை நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வந்து, தானே பூட்டைத் திறந்து, அம்மா வரும்வரை நான்கு மணி நேரம் தனியாகவோ தம்பி தங்கையோடோ இருக்கிறது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதென்றால் அந்த ஒரு நாள்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் குறைந்த கம்பெனிகளில் ஷிப்டும் குறைந்தது. ஷிப்ட் குறைந்தால் அப்பா அம்மா சீக்கிரம் வீட்டுக்கு வருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் கையில் காசில்லாமல், கடன் பேச்சோடு வருவார்கள். பிள்ளை அதையும் கேட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்த நிலைமையில் உதவி தேவைப்படுவோர் எத்தனை பேர்? 2015-16-ல் பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் சேர்ந்திருந்தது. 13 முதல் 17 வயதுக்குள் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. பெருநகரங்களில் மட்டும் பார்த்தால் அது 13.5 சதவீதம், கிட்டத்தட்ட இரட்டிப்பு. பெரியவர்களில் சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தார்கள். வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்குகின்றன என்பது இந்தத் துறையில் பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். நாற்பது பேர் உட்காரும் ஒரு ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேருக்காவது இன்றைக்கே ஆள் தேவை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது வழிகளைப் பார்ப்போம்.

மருத்துவமனையைப் பலப்படுத்துவது

திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் என்ற ஏற்பாடும் உண்டு. 1996-ல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. கடுமையான மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவை பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் வருகின்றன. அவர்களுக்கு மருந்தும் மருத்துவரும் இல்லாமல் வேறு எதுவும் உதவாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் சேவையில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்றே சொல்கிறது. ஆகவே இந்த வாசலைப் பலவீனப்படுத்தும் எந்த யோசனையையும் நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் தூக்கம் வராத, படிப்பில் மனம் ஒட்டாத பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இது முதல் வாசலாக இருக்க முடியுமா? அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவு காலையில் தொடங்கி மதியத்தோடு முடிகிறது. அந்தப் பெண் பள்ளிக்கு லீவு போட வேண்டும். கூட வரும் அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுபவர் என்றால் அன்றைக்கு வருமானமே கிடையாது. சீட்டு வாங்கும் வரிசையில் நின்று, பெயரையும் வயதையும் கவுண்டரில் சத்தமாகச் சொல்லி, எந்தப் பிரிவு என்று கேட்கும்போது பின்னால் நிற்பவர்கள் காதில் விழாமல் ‘மனநலம்’ என்று சொல்ல வேண்டும். அந்த வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றால் அதோடு கதை முடிந்தது. அப்படியே டாக்டரைப் பார்த்தாலும், கூட்டத்துக்கு நடுவே ஒருவருக்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க அவரால் முடிவதில்லை. அது டாக்டரின் குற்றம் இல்லை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஒருவரை உருவாக்க எம்.பி.பி.எஸ். முடித்த பிறகும் மூன்றாண்டுகள் ஆகும்.

இன்னொன்றும் உண்டு. அங்கே மருத்துவர் பணியிடங்களை மாநில அரசுதான் நிரப்புகிறது. மாநகராட்சி எவ்வளவு ஆசைப்பட்டாலும் அந்த முடிவு அதன் கையில் இல்லை. மாநகராட்சி கேட்கக்கூடியது ஒன்றுதான்: வாரத்தில் ஒரு மாலை, முடிந்தால் ஞாயிறு காலை, பதின்வயதினருக்கென்று தனி நேரம்.

தொலைபேசி உதவி

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். டெலி மானஸ் எனும் 14416 எண் 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. இருபது மொழிகளில் பேசலாம் என்பது திருப்பூருக்குப் பெரிய வரம். ஒடியா மட்டுமே தெரிந்த ஒரு பையன் தன் மன வேதனையைத் தன் மொழியில் சொல்ல இந்த ஊரில் வேறு இடம் கிடைப்பது கஷ்டம். 104 எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் 044-24640050 எண்ணும் இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒரே அறையில் ஆறு பேர் தங்கும் இடத்தில் எங்கே நின்று பேசுவது? எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இருப்பது அம்மாவின் போன். இரவு பேசி முடித்த பிறகு, நாளை எப்படி இருக்கிறாய் என்று நேரில் கேட்க ஆள் இல்லை. ஆனாலும் இதை மற்ற வழிகளோடு போட்டிக்கு நிறுத்த வேண்டியதே இல்லை. சேவை ஏற்கெனவே நடக்கிறது, மாநகராட்சிக்குப் புதுச் செலவு கிடையாது. எண்ணைச் சரியான இடத்தில் ஒட்டினால் போதும். கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் அதை நின்று படிப்பதைச் சூப்பர்வைசர் பார்ப்பார். அடையாள அட்டையின் பின்புறத்திலும் கழிவறைக் கதவின் உட்புறத்திலும் தமிழ், இந்தி, ஒடியாவில் ஒட்டுங்கள். அடுத்த வாரமே செய்துவிடலாம்.

ஆசிரியரா, தனி ஆளா?

உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, ஆசிரியர்களுக்கு இரண்டு மூன்று நாள் பயிற்சி கொடுத்து அவர்களையே வகுப்பெடுக்கச் சொல்வது. புதிதாக ஆள் வேண்டாம், சம்பளம் வேண்டாம். காகிதத்தில் எல்லாப் பிள்ளைகளையும் தொட்டுவிட்டதாகக் கணக்கும் வந்துவிடும். மலிவு என்பதாலேயே இது எப்போதும் ஜெயித்துவிடுகிறது.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் இதை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோவாவைச் சேர்ந்த சங்காத் அமைப்பு நடத்திய ஆய்வு அது. ‘சேஹர்’ என்று பெயர். 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளை மூன்று பிரிவாகக் குலுக்கிப் போட்டுப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்பு மட்டும். இரண்டாவது பிரிவில் அதோடு கூட, மனநல நிகழ்ச்சி ஒன்றைப் பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரே நடத்தினார். மூன்றாவது பிரிவில் அதே நிகழ்ச்சியைப் பள்ளிக்கு வெளியிலிருந்து வந்த முழுநேர ஆலோசகர் நடத்தினார். அவர் உளவியல் பட்டம் வாங்கியவர் அல்ல. உள்ளூரில் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆள். 2018-ல் முடிவு வெளியானது. தனி ஆள் இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது, அடிதடியும் சீண்டலும் குறைந்தன, பள்ளி தமக்கு ஆதரவான இடம் என்ற எண்ணம் கூடியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டாம் ஆண்டில் தனி ஆள் இருந்த பள்ளிகளின் பலன் இன்னும் அதிகமானது.

பாடம் ஒன்று, பொருள்கள் ஒன்று, மாவட்டம் ஒன்று. மாறியது நடத்தியவர் மட்டும்தான்.

பிரிட்டனில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி ஆசிரியர்கள் மூலம் மனக்குவிப்புப் (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 11 முதல் 13 வயதுப் பிள்ளைகள். 2022-ல் வந்த முடிவு: வழக்கமான வகுப்பைவிட எந்த மேன்மையும் இல்லை.

ஆசிரியர்கள் அக்கறையில்லாதவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு பிள்ளையின் முகம் வாடியிருப்பதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் ஆசிரியர்தான். ஆனால் அவர் மார்க் போடுபவர். பெற்றோரை வரச் சொல்பவர். டி.சி. வரைக்கும் போகக்கூடிய அதிகாரம் உள்ள இடத்தைச் சேர்ந்தவர். அவரிடம் போய், நான் கையைக் கீறிக்கொள்கிறேன் என்றோ, மாமா ஒருவர் தப்பாக நடக்கிறார் என்றோ ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? சொன்னாலும், அடுத்த பீரியட் வகுப்பு, தேர்தல் பணி, ‘எமிஸ்’ இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு எல்லாவற்றுக்கும் நடுவே உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது? கம்பெனியிலும் இதே கதைதான். லைன் சூப்பர்வைசருக்கோ விடுதி வார்டனுக்கோ ஆலோசனைப் பயிற்சி கொடுத்துவிட்டு, எங்கள் கம்பெனியில் மனநல சேவை இருக்கிறது என்று ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லீவு கொடுக்கும், லீவு மறுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் எந்தப் பெண்ணும் மனம் திறக்க மாட்டாள்.

நம் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) என்ற எண்கள் எழுதி, தலைமையாசிரியர் அறைப் பக்கம் வைத்திருப்பார்கள். நல்ல ஏற்பாடு. சேஹர் திட்டத்திலும் இப்படி ஒரு பெட்டி உண்டு. அங்கே அந்தப் பெட்டியைத் திறந்தவர் தனி ஆலோசகர். வந்த பிரச்சினைகளைப் பெயர் சொல்லாமல் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசினார், மாதம் ஒருமுறை சுவர்ப் பத்திரிகையில் எழுத வைத்தார், தனியாகப் பார்க்க விரும்பிய பிள்ளையோடு உட்கார்ந்தார். பெட்டிக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது. நான் பார்த்த ஒரு பள்ளியில் பெட்டியின் பூட்டில் துரு ஏறியிருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டபோது அங்கே யாருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. அதே பள்ளியில் ‘ஆலோசனை அறை’ என்று பெயிண்டில் எழுதிய ஓர் அறை இருந்தது. உள்ளே உடைந்த கேரம் போர்டு, ஆண்டு விழாத் தோரணங்கள், பழைய வினாத்தாள் கட்டுகள். ஜன்னல் நேராக வராண்டாவைப் பார்த்தது. அங்கே உட்கார்ந்து அழுதால் மொத்தப் பள்ளிக்கும் தெரியும்.

ஆகவே பள்ளி ஆலோசகர் என்றால் எனக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவர் ஒரு பள்ளிக்கு முழுநேரம் வர வேண்டும். ஐந்து பள்ளிக்கு ஒருவர் என்று பங்கு போட்டால் எந்தப் பள்ளியிலும் அவர் முகம் பழகாது. அவர் தலைமையாசிரியருக்குக் கீழே வேலை செய்யக் கூடாது. சம்பளமும் மேற்பார்வையும் வெளியிலிருந்து வர வேண்டும். மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவிலிருந்தோ தகுதியுள்ள உளவியலாளரிடமிருந்தோ வாரம் ஒருமுறை அவருக்கு வழிகாட்டல் வேண்டும். கேட்ட கதைகளை இறக்கி வைக்க அவருக்கும் ஓர் இடம் வேண்டும் இல்லையா? ஆளெடுக்கும்போது பட்டத்தைவிடப் பொறுமையைப் பார்க்கலாம். ஜிம்பாப்வேயில் 2006 முதல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார மையத்தின் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கியது. மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததை 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் ஊரிலும் இருபது ஆண்டுகள் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, கண் பார்வை குறைந்ததால் செக்கிங் வேலையை விட்ட அக்காமார்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த வீடுகளின் கஷ்டத்தை அவர்களுக்குப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை.

ஒரு சிக்கலை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். நீ சொல்வது எதுவும் வெளியே போகாது என்று எந்த ஆலோசகரும் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. பாலியல் கொடுமை பற்றித் தெரிந்தால் போலீஸுக்குச் சொல்ல வேண்டியது போக்சோ சட்டப்படி கட்டாயம். உயிருக்கு ஆபத்து என்றாலும் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். இதை முதல் நாளே பிள்ளையிடம் எளிய வார்த்தையில் சொல்லிவிட வேண்டும்: இந்த இரண்டு விஷயத்தில் மட்டும் நான் வேறு ஆளைக் கூப்பிடுவேன், மற்றதெல்லாம் நமக்குள்ளே. அப்படிச் சொல்லாமல் பிறகு வெளியே சொன்னால், அந்தப் பள்ளியில் இன்னொரு பிள்ளை அந்த அறைக்கு வராது.

இளைஞர் மையம்

ஆஸ்திரேலியாவில் 2006-ல் ‘ஹெட்ஸ்பேஸ்’ என்ற பெயரில் 12 முதல் 25 வயதினருக்கான மையங்களைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி மாதிரி இல்லாமல், கடைத்தெருப் பக்கம், உடல்நலம், மனநலம், போதைப் பழக்கம், வேலை தேடல் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். இன்று 150-க்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. உள்ளே போகிறவர் எதற்காகப் போகிறார் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அதுதான் அதன் பெரிய பலம். பள்ளி ஆலோசகர் எட்ட முடியாத, கம்பெனியில் வேலை பார்க்கும் இருபது வயதுக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அங்கேயும் ஒரே ஒருமுறை வந்துவிட்டு மறுபடி வராதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பெரிய பிரச்சினை உள்ளவர்களுக்கு அது போதவில்லை என்ற விமர்சனமும் இருக்கிறது.

திருப்பூரில் இதைச் செய்வதென்றால் கட்டடம் கட்டத் தொடங்கிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். டெண்டர், பூமி பூஜை, திறப்பு விழா என்று இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விடும். பணத்தில் பாதி சுவருக்கே போய்விடும். 2023 ஜூனில் தமிழ்நாடு முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்பது அவற்றின் நேரம். மாலையில் திறந்திருக்கும் அரசு மருத்துவ இடம் என்பதே பெரிய மாற்றம். பேருந்து நிலையத்துக்கோ வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் நடமாடும் சாலைக்கோ பக்கத்தில் இருக்கும் மையம் ஒன்றையோ, மாநகராட்சியின் சமுதாயக் கூடம் ஒன்றையோ எடுத்துக்கொண்டு, மாலை நேரத்தை ஒன்பதரை வரை நீட்டி, ஞாயிறு முழு நாளும் திறந்தால் ஒன்றரை ஷிப்ட்காரருக்கும் வழி பிறக்கும். பி.எஃப். எடுப்பது எப்படி, ஆதார் முகவரி மாற்றுவது எப்படி, சம்பள பாக்கிக்கு யாரைப் பார்ப்பது என்று கேட்டு வருபவருக்கும் அங்கே பதில் கிடைக்கட்டும். தலைவலி மாத்திரைக்கு வந்தவர், மூன்றாவது தடவை வரும்போது, தூக்கம் வரவில்லை அண்ணா என்று சொல்லத் தொடங்குவார். இந்தி, ஒடியா பேசும் ஆள் ஒருவராவது அங்கே இருந்தாக வேண்டும். இது இல்லாமல் திறந்தால் ஊரின் இளைஞர்களில் பெரும் பகுதியை வாசலிலேயே நிறுத்தியது போலாகும்.

மைதானம், விளையாட்டு, பொழுதுபோக்கு

இதை மனநலத்தோடு சேர்க்காமல் தனியாகப் பார்ப்பவர்கள் அதிகம். ஐஸ்லாந்து நாடு அப்படிப் பார்க்கவில்லை. 1998-ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையில் இருந்ததாகச் சொன்னார்கள். 2016-ல் அது 5 சதவீதம். மாலை நேரத்தில் விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது, பெற்றோர் பிள்ளைகளோடு அதிக நேரம் இருக்க வேண்டும் என்று ஊரே பேசி முடிவெடுத்தது, பதின்வயதினர் இரவில் வெளியே திரிவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளிடமே கேட்டுக் கணக்கெடுத்தது எல்லாம் சேர்ந்து நடந்தது.

முதலில் சொன்ன அந்த நான்கு மணி நேரம், பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை, திருப்பூரில் யாருடைய பொறுப்பிலும் இல்லை. அதை நிரப்புவது மைதானத்தின் வேலை. ஆனால் திருப்பூரில் மைதானம் என்றால் சிக்கண்ணா கல்லூரிப் பக்கம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ‘15 வேலம்பாளையம்’ என்ற பகுதியிலிருந்தோ முருகம்பாளையத்திலிருந்தோ ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் மாலையில் தனியாக அங்கே போய்த் திரும்ப முடியுமா? ஆகவே புது ஸ்டேடியத்தைவிட, மாநகராட்சிப் பள்ளிகளின் கேட்டை மாலை ஏழரை வரை திறந்து வைத்து, விளக்குப் போட்டு, ஒரு பயிற்சியாளரையும் ஒரு பெண் பொறுப்பாளரையும் வைப்பது அதிகம் பயன் தரும். பெண் பிள்ளைகளுக்கென்று நேரம் ஒதுக்காத மைதானம் எதுவாக இருந்தாலும் ஒரு மாதத்தில் பையன்களின் கிரிக்கெட் மைதானமாகிவிடும். இது எல்லா ஊரிலும் பார்த்ததுதான். விளையாட்டு மட்டுமே ஒரு பிள்ளையின் மனச்சோர்வைக் குணமாக்கிவிடாது. ஆனால் ஆலோசகரின் முகம் பிள்ளைக்குப் பழகுவது பெரும்பாலும் அறைக்குள் நடப்பதில்லை, கேரம் ஆடும் இடத்தில்தான் நடக்கிறது. அதனால் இரண்டையும் ஒரே வளாகத்தில் வைக்கச் சொல்கிறேன்.

பணம் இருந்தால் எதில் தொடங்குவேன்

என்னைக் கேட்டால் முதல் பணம் ஆட்களுக்குப் போக வேண்டும். மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு முழுநேர ஆலோசகர், அவர்களுக்கு மேலே வழிகாட்ட ஓர் உளவியலாளர். அதே பள்ளிகளின் கேட் மாலையில் திறந்திருக்கட்டும், ஆலோசகரின் வேலை நேரமும் காலை பதினொன்றில் தொடங்கி மாலை ஏழரை வரை போகட்டும். இரண்டாவது, ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை இளைஞர் மையம். இதற்கு ஏற்றுமதியாளர்கள் பணம் கொடுப்பது நியாயம், ஆனால் யார் வந்தார்கள் என்ற பட்டியல் எந்தக் கம்பெனிக்கும் போகக் கூடாது. இதை எழுத்தில் ஒப்பந்தமாகவே போட வேண்டும். மூன்றாவது, மருத்துவமனையில் மாலை நேரம் கேட்டு மாநில அரசிடம் விடாமல் போராடுவது. ஆலோசகர் அனுப்பும் பிள்ளை மறுபடி சீட்டு வரிசையில் நிற்காமல் நேராக டாக்டரிடம் போக வழி இருந்தால்தான் மொத்த ஏற்பாடும் நிற்கும்.

இதைவிட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சி, விழிப்புணர்வுப் பேரணி, மனித சங்கிலி, டி-ஷர்ட் என்று பணத்தைக் கரைப்பதை நான் எதிர்க்கிறேன். உலக மனநல நாளில் எடுக்கும் போட்டோவில் இருக்கும் பிள்ளை மறுநாள் யாரிடம் போகும் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

ஒப்பந்த வேலையில் குறைந்த சம்பளத்துக்கு ஆள் போட்டால் ஆறு மாதத்தில் ஓடிவிடுவார்கள் என்ற மறுப்பு வரும். அது சரியான பயம். முகம் மாறிக்கொண்டே இருந்தால் இந்தத் திட்டம் செத்துவிடும். அதனால் ஐம்பது பள்ளிக்கு அரைகுறை சம்பளத்தில் ஐம்பது பேரைப் போடுவதைவிட, பத்துப் பள்ளிக்கு நியாயமான சம்பளத்தில் மூன்று ஆண்டு உறுதியோடு பத்துப் பேரைப் போடுவதே மேல். மீதி நாற்பது பள்ளிப் பெற்றோர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு எப்போது என்று வார்டு கவுன்சிலரைக் கேட்பார்கள். கேட்கட்டும். அந்த அழுத்தம்தான் அடுத்த பட்ஜெட்டில் பணம் கொண்டுவரும்.

முதல் ஆண்டு முடிவில் எதை எண்ணுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். எத்தனை கூட்டம் நடத்தினோம், எத்தனை ஆயிரம் மாணவர்கள் கேட்டார்கள் என்ற எண்கள் எப்போதும் பெரிதாகவே வரும். அவற்றைக் கேட்காதீர்கள். ஆலோசகரைத் தேடித் தானாக வந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் இரண்டாவது முறை வந்தவர்கள் எத்தனை பேர், டாக்டரிடம் அனுப்பியவர்களில் உண்மையில் டாக்டரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், ஞாயிறு மையத்துக்கு வந்தவர்களில் பெண்கள் எத்தனை, வெளிமாநிலத்தவர் எத்தனை. இந்த ஐந்து எண்களையும் பெயர் எதுவும் இல்லாமல் மாமன்றக் கூட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.